வயர்லெஸ் ரவுட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் லைனையும் சுவரையும் பாருங்கள்

மடவளையில் வீடும் கண்டி நகரில் புடவைக் கடையும் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு நமது வீட்டு வாசலில் வந்து நின்றார். லண்டனில் இருக்கும் அவரது மச்சான் அனுப்பிய வயர்லெஸ் ரவுட்டர் அது. "நானா, சாமான் அசல்தான். ஆனா நம்மட லைன் வயரைக் கொழுவ இதுல இடமே இல்லையே" என்றார். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் டிவி அன்டெனா வயர் முறுக்கிப் பூட்டுவது போன்ற வட்டமான புரியுள்ள துவாரம் ஒன்று இருந்தது. அதாவது, கேபிள் டிவி வயரினூடாக இணையம் வரும் நாடுகளுக்காகச் செய்யப்பட்ட பெட்டி. அந்த மச்சான் செலவழித்த பணத்துக்கும் அனுப்பிய அன்புக்கும் குறைவில்லை. பெட்டிக்குத்தான் இங்கே வேலையில்லை.

இவ்வாறான பெட்டிகள் நமது ஊர்களில் பல வீட்டு அலுமாரிகளுக்கு மேல் தூசு படிந்து கிடக்கின்றன. எனவே இந்த வாரம், புதிதாக ரவுட்டர் வாங்க நினைக்கும் வர்த்தக சகோதரர்கள் கையைப் பையில் விடுவதற்கு முன்னர் பார்த்துக்கொள்ள வேண்டிய சில விடயங்களை எழுதலாம் என நினைக்கிறேன்.

அமெரிக்காவில் கொம்காஸ்ட், பிரித்தானியாவில் வர்ஜின் மீடியா போன்ற கம்பனிகள் கேபிள் டிவி வயரிலேயே இணையத்தையும் அனுப்புகின்றன. அதற்கான பொதுத் தொழில்நுட்ப முறை 1997 இல் வெளியானது. நமது நாட்டில் வீட்டு இணையம் வளர்ந்த பாதை வேறு. இங்கே முதலில் டெலிபோன் கம்பியில் ஏடிஎஸ்எல் வந்தது. பிறகு காற்றில் வரும் 4ஜி பெட்டிகள் வந்தன. இப்போது ஃபைபர் எனும் கண்ணாடி இழை பல வீதிகளுக்கு வந்துவிட்டது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையமும் இலங்கையில் ஆரம்பமானது. ஆகவே "நல்ல ரவுட்டர் எது?" என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னர், "எனது வீட்டுக்கு வருவது எந்த லைன்?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இதில் பிழைத்தால் மற்றதெல்லாம் பிழைக்கும்.

அடையாளம் காண்பது இலகு. டெலிபோன் வயர் நுழையும் சிறிய சதுரத் துவாரம் இருந்தால் அது ஏடிஎஸ்எல் பெட்டி. சிம் போடும் இடம் இருந்தால் 4ஜி. ஃபைபர் என்றால், கம்பனிக்காரர்கள் சுவரில் பொருத்திச் சென்ற சிறிய வெள்ளைப் பெட்டிக்குள் மெல்லிய வயர் ஒன்று, பெரும்பாலும் பச்சை நிற முனையுடன், நுழைந்திருக்கும். அந்த வெள்ளைப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு நீங்கள் வாங்கிய பெட்டியைக் கொழுவ முடியாது. அதை அப்படியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து வரும் லேன் வயரை உங்கள் புதிய ரவுட்டருக்குக் கொடுக்க வேண்டும். அந்த ரவுட்டரில் "வேன்" என்று குறிக்கப்பட்ட துவாரம் இருப்பது அவசியம். ஏடிஎஸ்எல் ரவுட்டர்கள் பலவற்றில் அது இல்லை. விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய இருப்பை வாங்கிவிட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபைபர் பெட்டியிலேயே வயர்லெஸ் வசதி பெரும்பாலும் உள்ளே இருக்கும். சிறிய வீடு, சிறிய கடை என்றால் அதுவே போதும். வேறு ரவுட்டர் வாங்குவது வீண் செலவு. இதைச் சொன்னால் ரவுட்டர் விற்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். என்றாலும் உண்மை அதுதான்.

பெட்டியில் எழுதியிருக்கும் வேகம்

ரவுட்டர் பெட்டியின் மேல் 1200, 1800, 3000 என்று பெரிய எழுத்தில் இலக்கங்கள் இருக்கும். இது வியாபாரிகளாகிய நமக்குப் புரியாத தந்திரமல்ல. 1200 என்று எழுதிய பெட்டியில் இரண்டு அலைவரிசைகள் இருக்கின்றன. 2.4 கிகாஹேர்ட்ஸில் 300 மெகாபிட், 5 கிகாஹேர்ட்ஸில் 867 மெகாபிட். இரண்டையும் கூட்டி, கொஞ்சம் உயர்த்தி 1200 என்று எழுதிவிடுகிறார்கள். உங்கள் கைபேசி ஒரே நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும். இரண்டு கடையின் கல்லாப்பெட்டியைக் கூட்டி ஒரு கடையின் வருமானம் என்று சொல்வது போன்றது இது.

அது மட்டுமல்ல. இந்த இலக்கம் ரவுட்டருக்கும் உங்கள் கைபேசிக்கும் இடையிலான வேகம். வெளியிலிருந்து வரும் லைன் 20 மெகாபிட் என்றால், 3000 எழுதிய ரவுட்டர் வாங்கினாலும் வெளியுலகுக்கு 20 தான். மேல் தாங்கிக்கு வரும் குழாய் அரை அங்குலமாக இருக்கும்போது வீட்டுக்குள் இரண்டு அங்குலக் குழாய் போட்டு என்ன பயன்? மறுபக்கமாக, 300 மெகாபிட் ஃபைபர் பெக்கேஜ் எடுத்துவிட்டு, லேன் துவாரம் 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காத மலிவு ரவுட்டரைப் பொருத்தியவர்களும் இருக்கிறார்கள். மாதாமாதம் 300 க்குப் பணம் கட்டி 100 ஐ அனுபவிக்கிறார்கள். 100 க்கு மேற்பட்ட பெக்கேஜ் வைத்திருப்பவர்கள் "ஜிகாபிட் போர்ட்" உள்ள பெட்டியை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு என்பதும் நினைவில் இருக்கட்டும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100 மெகாபிட் லைனில் ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் இறங்கும். இதை அறியாமல் கம்பனி ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்குப் போனவர்களில் நானும் ஒருவன்.

வைபை 4, 5, 6 என்ற பெயர்கள் 2018 இல் வந்தவை. அதற்கு முன்னர் 802.11 என்று தொடங்கி வாயில் நுழையாத பெயர்களால் அழைத்தார்கள். வைபை 4 என்பது 2009 ஆம் ஆண்டின் முறை. 5 என்பது 2013 இல் வந்தது. 6 ஆவது 2019 முதல் சந்தையில் பரவியது. 2024 தொடக்கத்தில் 7 உம் வந்துவிட்டது. ஆறின் சிறப்பு வேகத்தை விட, ஒரே நேரத்தில் பல கருவிகளைச் சமாளிப்பதுதான். வீட்டில் ஆறு கைபேசி, டிவி, பிள்ளைகளின் மடிக்கணனி, நான்கு கமரா என்றிருந்தால் பிரயோசனம் தெரியும். ஆனால் கைபேசிகள் பழையவையாக இருந்தால் அவை பழைய முறையில்தான் பேசும். இன்றைய நிலையில் நமது நடுத்தர வீட்டுக்கும் கடைக்கும் இரண்டு அலைவரிசையும் ஜிகாபிட் போர்ட்டும் உள்ள வைபை 5 அல்லது 6 பெட்டி தாராளமாகப் போதும் என்பது எனது அபிப்பிராயம். 7 க்கு இப்போது பணம் கொட்ட வேண்டியதில்லை.

சுவர்

கண்டியின் பழைய கடைகளை எண்ணிப் பாருங்கள். முன்பக்கம் ஒடுங்கி, பின்னால் நீண்டு கொண்டே போகும். தடித்த சுவர்கள். முன்னால் கல்லா, பின்னால் ஸ்டோர், மேலே கொங்கிறீட் சிலாப், அதற்கு மேல் வீடு அல்லது இன்னொரு ஸ்டோர். அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் மலைச்சரிவில் கட்டிய வீடுகளில் வீதி மட்டத்துக்குக் கீழே இரண்டு மாடி, மேலே இரண்டு மாடி. 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் மெதுவானது, ஆனால் கூடத் தூரம் போகும். கம்பி போட்ட சிலாப் இரண்டுக்கும் எதிரி. இரும்பு ராக்கை, கண்ணாடி, தண்ணீர்த் தாங்கி, மைக்ரோவேவ் அடுப்பு, இவையெல்லாம் கூட எதிரிகளே. ஹார்ட்வெயார் கடையில் தகரக் கட்டுகளுக்கு இடையில் ரவுட்டரை வைத்துவிட்டு "சிக்னல் இல்லை" என்று சொல்வதில் நியாயமில்லை.

அன்டெனா ஆறு எட்டு இருந்தால் தூரம் போகும் என்று பலர் நம்புகிறார்கள். பேச்சு இரு பக்கமும் நடக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். கல்லாவில் இருந்து முதலாளி உரத்துக் கூப்பிட்டால் ஸ்டோரின் மூலையில் நிற்கும் பொடியனுக்குக் கேட்கும். அவன் மெல்லிய குரலில் சொல்லும் பதில் முதலாளிக்குக் கேட்காது. கைபேசியின் குரல் அந்தப் பொடியனின் குரல். ரவுட்டரின் குரலை உயர்த்துவதால் மட்டும் காரியம் நடக்காது. நடுவில் இன்னொருவரை நிறுத்த வேண்டும். அதாவது இன்னொரு வயர்லெஸ் பெட்டியை இடையில் வைத்து, அதை லேன் வயரால் முதல் பெட்டியுடன் இணைக்க வேண்டும். சாதாரண லேன் வயர் 100 மீற்றர் வரை குறையின்றி வேலை செய்யும்; நமது எந்த வீட்டுக்கும் அது போதும். வயர் இழுக்காமல் "ரிப்பீட்டர்" ஒன்றைச் சுவர் பிளக்கில் குத்துவது இலகுதான். ஆனால் அது ஒரே வாயால் கேட்கவும் சொல்லவும் வேண்டியிருப்பதால் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதியளவுக்குக் குறையும்.

4ஜி பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. மலைநாட்டில் கோபுரம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், இடையில் ஒரு குன்று. பெட்டி கோபுரத்தைப் பார்த்த யன்னலோரத்தில் இருந்தால்தான் வெளிச் சிக்னல் வரும். வைபைக்கோ வீட்டின் நடுவில் இருப்பது நல்லது. இரண்டையும் ஒரு பெட்டியால் திருப்திப்படுத்த முடியாது. பெட்டியின் உள்பக்கத்தில் சிக்னல் அளவைக் காட்டும் இலக்கம் இருக்கும். மறை 80, 90 என்றால் நல்லது; மறை 110 ஐத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள். ஒரு யன்னலிலிருந்து அடுத்த யன்னலுக்கு மாற்றியதால் மட்டும் வேகம் இரட்டிப்பானதைக் கண்டிருக்கிறேன். வெளி அன்டெனா பூட்டும் வசதியுள்ள பெட்டி கிடைத்தால் மலையோர வீடுகளுக்கு அது உதவும்.

மின்னலும் மின்வெட்டும்

நமது பக்கத்தில் மார்ச் கடைசி, ஏப்ரல் மாதங்களிலும் மீண்டும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கும். டெலிபோன் கம்பியில் வந்த மின்னல் எத்தனை ஏடிஎஸ்எல் பெட்டிகளைத் தின்றிருக்கிறது என்பது திருத்துபவர்களுக்குத் தெரியும். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். அது மனிதனை மின்சாரம் தாக்காமல் காப்பதற்கானது. மின்னல் அழுத்தத்தைத் தடுப்பது அதன் வேலையல்ல. இடி ஆரம்பிக்கும்போது மின் பிளக், டெலிபோன் வயர் இரண்டையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றுவது பாதி வேலை. ஃபைபர் இழையில் மின்சாரம் வராது. ஆனால் மின் பிளக் வழியாகவும் கூரைக் கமராவின் நீண்ட வயர் வழியாகவும் வரலாம். அக்குறணை நகரில் பிங்கா ஓயா பெருகி வீதிக்கு வருவதை அனைவரும் அறிவோம். அங்கே கடை வைத்திருப்போர் ரவுட்டரையும் கமரா ரெக்கோடரையும் மேசைக்குக் கீழே வைக்காமல் சுவரில் உயரமாகப் பொருத்துவது நல்லது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களில்தான் சிறிய ரவுட்டர் யூபிஎஸ்கள் நமது கடைகளில் பிரபலமாகின. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடே இருண்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மோதியதே காரணம் என்று அமைச்சர் சொன்னார். குரங்கை நம்பி வியாபாரம் செய்ய முடியாது. ஆகவே ஒரு கணக்கு. 8,800 மில்லி அம்பியர் என்று எழுதிய யூபிஎஸ்ஸின் பற்றரி 3.7 வோல்ட் ஆனது. இரண்டையும் பெருக்கினால் சுமார் 32 வாட் மணி. இடையில் கொஞ்சம் வீணாகும். 8 வாட் இழுக்கும் ரவுட்டர் அதில் மூன்று மணித்தியாலம் ஓடும். ஃபைபர் பெட்டி வேறு, ரவுட்டர் வேறு என்றால் இரண்டுக்கும் மின் வேண்டும், நேரம் பாதியாகும். ரவுட்டர் 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா என்று அடப்டரில் பார்த்தே யூபிஎஸ் வாங்குங்கள். மாறிக் கொழுவினால் பெட்டி போய்விடும், வொரண்டியும் கிடைக்காது.

பெருநாள் இரவில் நடந்தது

இனி எனது சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு. கடை நிரம்பி வழிகிறது. கார்ட் மெஷின் கடை வைபையில் ஓடுவது. திடீரென்று ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு மூன்று நிமிடம் சுற்றத் தொடங்கியது. லங்கா கியூஆரில் பணம் அனுப்பியவர்களின் பணம் வந்ததா என்பதை எனது கைபேசியில் பார்க்கவும் முடியவில்லை. வரிசையில் நின்ற ஒரு குடும்பம் தெரிந்தெடுத்த உடுப்புகளை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனது. இன்னும் பலர் போனார்கள். லைன் பழுதல்ல. மாதத்துக்கான ஜிபி முடிந்து, கம்பனி வேகத்தைக் குறைத்திருந்தது.

மறுநாள் ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நமது கடையில் இருப்பவை ஏழு கருவிகள். இணைந்திருந்தவை முப்பத்தொன்று! வாடிக்கையாளர் கேட்டால் கொடுத்த கடவுச்சொல், வேலையை விட்டுப் போன பொடியன்களின் கைபேசி, அவர்கள் சொல்லிக் கொடுத்த அக்கம்பக்கத்தார். மூன்று வருடமாகக் கடவுச்சொல்லை மாற்றவே இல்லை. போதாததற்கு, வீட்டிலிருந்து கடையைப் பார்ப்பதற்காக ஒரு கமரா இரவு பகலாகப் படத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. 2 மெகாபிட் வேகத்தில் ஓயாமல் அனுப்பும் ஒரு கமரா நாளொன்றுக்கு 21 ஜிபிக்கு மேல் தின்னும். முப்பது நாளில் 648 ஜிபி. இதை நான் கணக்குப் பார்க்கவே இல்லை. நூல் பந்துக்குக் கணக்கு வைப்பவன், இதற்கு வைக்கவில்லை.

ஜிபி போனது சிறிய நட்டம். பெரிய ஆபத்து வேறு. அந்த முப்பத்தொரு கருவிகளும் எனது கணக்குக் கணனி இருக்கும் அதே வலையில் இருந்தன. ரவுட்டரைத் திறக்கும் பெயரும் கடவுச்சொல்லும் வாங்கிய அன்று இருந்தபடியே "அட்மின்", "அட்மின்". 2016 இல் "மிராய்" எனும் நச்சு நிரல் இவ்வாறு கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் ரெக்கோடர்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்து, அந்த ஒக்டோபர் 21 ஆம் திகதி அமெரிக்காவின் பெரிய இணையத்தளங்கள் பலவற்றைப் பல மணித்தியாலம் முடக்கியது. 2018 மே மாதத்தில் 54 நாடுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்களில் இன்னொரு நச்சு நிரல் புகுந்திருப்பது தெரியவந்து, எல்லோரும் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. சிறிய கடைதானே, நம்மை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்த நிரல்கள் கடையின் அளவைப் பார்ப்பதில்லை. திறந்த கதவைத்தான் தேடுகின்றன. மேலும், உங்கள் லைனில் இருந்துகொண்டு ஒருவர் குற்றம் செய்தால், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின் கீழான விசாரணை முதலில் வந்து நிற்பது லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவரது வாசலில்தான்.

எனவே கடைக்கு ரவுட்டர் வாங்குபவர்கள் வேகத்தைக் கேட்பதற்கு முன்னர் மூன்று விடயத்தைக் கேளுங்கள். விருந்தாளிகளுக்குத் தனி வலை அமைக்கும் வசதி உண்டா? அந்த வலைக்கு வேக எல்லை போட முடியுமா? தயாரித்த கம்பனி இன்னும் அதற்குப் புதிய மென்பொருள் வெளியிடுகிறதா? தனி வலை மட்டும் இருந்தால் உங்கள் கணக்குக் கணனி மறைந்திருக்கும். ஆனால் ஜிபி போய்க்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் இரண்டாவது கேள்வி. கார்ட் மெஷினும் கணக்கும் ஒரு வலையில், வருவோர் போவோர் இன்னொரு வலையில்.

பொருத்திய அன்றே அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். டபிள்யூஈபி என்ற பழைய முறை 2001 இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியின் ஓட்டை 2011 இல் வெளிவந்தது, அதை அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து ரவுட்டரைத் திறக்கும் வசதியையும் மூடுங்கள். வேலையாள் ஒருவர் விலகினால் சாவியைத் திருப்பி வாங்குவது போலக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். மென்பொருளைப் புதுப்பிக்க ஜும்ஆவுக்குக் கடை மூடும் நேரம் வசதியானது. இடையில் மின்சாரம் நிற்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற பெட்டியா என்று கேளுங்கள். பற்றுச்சீட்டில் தொடர் இலக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். மின்னலால் எரிந்தால் வொரண்டி செல்லாது என்ற வரி பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும். பாவித்த ரவுட்டர் வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உறவினர் ஒருவர் பழையதைச் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஊசித் துவாரத்தில் பத்து செக்கன் அழுத்தி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பாவியுங்கள்.

மடவளை நண்பரின் கதை இன்னும் முடியவில்லை. அவரது கடையில் ஃபைபர் இருந்தது. வீடு இருக்கும் மேட்டு வீதிக்கு அது இன்னும் வரவில்லை, 4ஜி பெட்டிதான். அது கீழ் ஹோலில், டிவிக்குப் பின்னால் இருந்தது. மேல் மாடிக்குக் கொண்டுபோய் யன்னல் யன்னலாக வைத்துப் பார்த்தோம். மறை 112 இல் இருந்தது மறை 91 க்கு வந்தது. அங்கிருந்து கீழ் ஹோலுக்கு 20 மீற்றர் லேன் வயர் இழுத்தோம். ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டரை எடுத்து, முகவரி வழங்கும் வேலையை அதில் அணைத்து, அதன் சொந்த முகவரியையும் 4ஜி பெட்டியுடன் மோதாதவாறு மாற்றி, லேன் துவாரத்தில் வயரைக் கொழுவினோம். இப்போது அது வெறும் வயர்லெஸ் பெட்டியாக வேலை செய்கிறது. சிறிய மகளின் ஒன்லைன் வகுப்பு நின்று நின்று வந்தது, அன்று பின்னேரம் நிற்கவில்லை. செலவு வயருக்கும் இரண்டு முனைக்கும் மட்டும்.

லண்டன் பெட்டியை என்ன செய்வது என்று கேட்டார். மச்சான் அடுத்த விடுமுறையில் வரும்போது பார்வைக்கு வைக்கட்டும் என்று அலுமாரி மேலேயே விட்டுவிட்டோம்.